முல்லைத்தீவில் விழுந்த கல் யாருடைய பிள்ளை?



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

1795 ஆம் ஆண்டு முல்லைத்தீவுப் பக்கம் வானத்திலிருந்து ஒரு கல் விழுந்தது. இந்தத் தீவில் ஒல்லாந்தர் ஆட்சி முடியும் தறுவாய் அது. அடுத்த வருடம் பெப்ரவரியில் கொழும்பே ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. அந்தக் குழப்பத்துக்கு நடுவிலும் அந்தக் கல்லைப் பற்றி எழுதி வைக்க ஆள் இருந்திருக்கிறது. அதனால்தான் உலக விண்கல் பட்டியலில் முல்லைத்தீவின் பெயர் இன்றும் இருக்கிறது. மிஞ்சியிருப்பது ஒரு சின்னத் துண்டுதான். ஆனால் அது எந்த இனக் கல் என்பதும் பதிவாகியிருக்கிறது: எல் வகை.

நாம் புதுக்கடைக்காரர்கள். நம் தெருக்களில் பாதிப் பேச்சு வழக்குப் பேச்சு. காணி யாருக்கு, உறுதி யார் பெயரில், வாரிசு யார், பங்கு எவ்வளவு என்பதெல்லாம் நமக்குப் பழகிய கேள்விகள். அதே கேள்வியை அந்தக் கல்லிடம் கேட்டுப் பார்ப்போம். இது யாருடைய பிள்ளை? இதன் தாய் எது, உடன்பிறப்புகள் எவை, எப்போது வீட்டை விட்டுப் பிரிந்தது? விஞ்ஞானிகள் இந்த வழக்கை 200 வருடங்களுக்கு மேலாக விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் நமக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தமிழ் நகரத்துக்கும் பங்கு இருக்கிறது.

முல்லைத்தீவில் கல் விழுவதற்கு முந்திய வருடம்தான், 1794 இல், ஜெர்மனியரான கிளாட்னி என்பவர் ஒரு சிறு நூல் வெளியிட்டார். வானத்திலிருந்து விழும் கற்கள் பூமிக்கு வெளியே இருந்து வருபவை என்று அதில் சொன்னார். படித்தவர்கள் பலர் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். வானத்தில் கல் ஏது?

ஆறு வருடம் கழித்து, 1801 ஜனவரி 1 ஆம் திகதி, சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் பியாஸி என்ற பாதிரியார் நட்சத்திரப் பட்டியல் தயாரித்துக்கொண்டிருந்தபோது, பட்டியலில் இல்லாத ஒரு புள்ளி மெல்ல நகர்வதைக் கண்டார். (அல் இத்ரீஸி தன் உலக வரைபடத்தை 1154 இல் முடித்துக் கொடுத்த அதே பலெர்மோதான்.) அந்தப் புள்ளிக்கு சீரிஸ் என்று பெயர் வைத்தார்கள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சூரியனைச் சுற்றுகிறது. அடுத்த வருடம் பிரேமன் நகரத்து வைத்தியர் ஓல்பர்ஸ் இன்னொன்றைக் கண்டார்: பல்லஸ். ஏறக்குறைய அதே தூரத்தில் சுற்றியது. 1804 இல் ஜூனோ, 1807 இல் வெஸ்டா.

ஒரே வளவில் இத்தனை சின்ன வீடுகள் எப்படி வந்தன? ஓல்பர்ஸ் ஒரு விளக்கம் சொன்னார். அங்கே முன்பு ஒரு பெரிய கோள் இருந்தது, அது உடைந்தது, இவையெல்லாம் அதன் துண்டுகள் என்றார். அந்தக் கோள் கதை பிழை. அங்கே உள்ள எல்லாச் சிறுகோள்களையும் கூட்டினாலும் நம் சந்திரனின் எடையில் நூற்றில் மூன்று பங்குதான் வரும். வியாழனின் ஈர்ப்புக் குழப்பத்தால் அங்கே ஒரு கோள் உருவாகவே முடியவில்லை என்பதுதான் இன்றைய விளக்கம். ஆனால் ஓல்பர்ஸின் அடிப்படை எண்ணம், அதாவது பெரியது உடைந்து சின்னவை பிறக்கின்றன, அவற்றின் பாதைகள் அந்த உறவைக் காட்டும் என்பது, நிலைத்து நின்றது. அதை நிரூபிக்க நூறு வருடத்துக்கு மேல் எடுத்தது. காரணம் சாட்சிகள் போதவில்லை. நாலு சிறுகோளை வைத்துக் குடும்பம் சொல்ல முடியாது. நூற்றுக்கணக்கில் வேண்டும்.

அந்த எண்ணிக்கையைச் சேர்த்த இடங்களில் ஒன்றுதான் சென்னை நுங்கம்பாக்கம். இன்று வானிலை அலுவலகம் இருக்கிற அந்த வளாகத்தில் 1792 இல் கிழக்கிந்தியக் கம்பனி ஒரு வானாய்வுக்கூடம் கட்டியது. அதன் கருங்கல் தூண் இன்றும் நிற்கிறது. 1861 இல் நோர்மன் போக்சன் என்ற ஆங்கிலேயர் அங்கே அரசாங்க வானியலாளராக வந்து சேர்ந்தார். அதே வருடம் ஏப்ரல் 17 ஆம் திகதி அவர் கண்ட சிறுகோளுக்கு ஏசியா என்று பெயர் வைத்தார். ஆசியாக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் அது. பிறகு 1864 இல் சாஃபோ, 1866 மே 16 இல் சில்வியா, 1868 இல் கமில்லா, 1885 இல் வேரா. எல்லாம் சென்னை வானத்தில்.

புகைப்படம் எடுத்துச் சிறுகோள் தேடும் வழக்கம் அப்போது வரவில்லை. கையால் வரைந்த நட்சத்திர வரைபடத்தையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்து, வரைபடத்தில் இல்லாத புள்ளியைப் பிடிக்க வேண்டும். அந்த ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தவர்களில் சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்ற உள்ளூர் அறிஞரும் ஒருவர். 1867 இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டறிந்தார். 1872 இல் லண்டன் அரச வானியல் கழகத்தில் அங்கத்தவரான முதல் இந்தியர் ஆனார். 1874 இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்தபோது அதைப் பற்றித் தமிழிலும் நூல் வெளியிட்டு மக்களுக்கு விளக்கினார். போக்சனின் மகள் ஐசிஸும் அங்கே உதவியாளர். 1886 இல் தகப்பன் அவர் பெயரை அதே கழகத்துக்குப் பிரேரித்தபோது சட்டத்தரணிகள் குறுக்கே வந்தார்கள். கழகத்தின் சாசனத்தில் அங்கத்தவரைக் குறிக்க ஆண்பாற் சொல் மட்டுமே இருக்கிறது, ஆகவே பெண்ணைச் சேர்க்க முடியாது என்றார்கள். 1920 வரை அவர் காத்திருக்க வேண்டி வந்தது. சட்ட வாசகத்தின் ஒரு சொல் என்ன செய்யும் என்று புதுக்கடைக்காரருக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

சில்வியா என்ற பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருகிறது.

சில்வியா கண்டுபிடிக்கப்பட்ட அதே 1866 இல் அமெரிக்கரான கேர்க்வூட் ஒரு விடயத்தைக் கவனித்தார். சிறுகோள்கள் எல்லாத் தூரத்திலும் சமமாகப் பரவியில்லை. சில தூரங்களில் வெற்றிடம். வியாழன் ஒரு சுற்றுச் சுற்றும்போது சரியாக இரண்டு சுற்று, மூன்று சுற்று என்று கணக்காகச் சுற்றும் இடங்கள் அவை. அங்கே வியாழனின் இழுப்பு ஒரே சீராகத் திரும்பத் திரும்ப விழுவதால் பாதை நீண்டு, கல் அந்த இடத்தை விட்டுத் தூக்கி எறியப்படுகிறது. இந்த வெற்றிடங்கள்தான் கற்கள் பூமிக்கு வரும் வாசல்கள். இதுவும் பிறகு தேவைப்படும்.

முதல் தெளிவான தீர்ப்பு 1918 இல் வந்தது. தந்தவர் ஜப்பானியரான கியோட்சுகு ஹிராயமா. அப்போது பாதை தெரிந்த சிறுகோள்கள் ஏறக்குறைய 800. அவற்றை அவர் வரிசைப்படுத்திப் பார்த்தார். இங்கே ஒரு சிக்கல் இருந்தது. சிறுகோளின் பாதை நிலையானது அல்ல. வியாழனும் சனியும் இழுப்பதால் பாதையின் சாய்வும் நீள்வட்டத் தன்மையும் ஆயிரக்கணக்கான வருடங்களில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். ஆகவே ஒரே வீட்டுப் பிள்ளைகள் இன்று பார்க்கும்போது வெவ்வேறு கோலத்தில் இருப்பார்கள். ஹிராயமா அந்த ஏற்ற இறக்கத்தைக் கணக்கால் நீக்கினார். நீக்கிய பிறகு மிஞ்சும் மதிப்பு நீண்ட காலத்துக்கு மாறுவதில்லை.

நம் மூத்தம்மாமார் இதைத்தான் செய்வார்கள். தெருவில் ஒரு புதுப் பையன் போனால் அவன் தாடியையோ உடுப்பையோ பார்க்கமாட்டார்கள். நடையையும் நெற்றியையும் பார்த்து, 'இவன் இன்னாருடைய பேரன் மாதிரி இருக்குதே' என்பார்கள். மாறுவதைக் கழித்துவிட்டு மாறாததைப் பார்க்கிறார்கள்.

அப்படிப் பார்த்தபோது மூன்று கூட்டங்கள் தெளிவாகத் தெரிந்தன: கொரோனிஸ், ஈயோஸ், தெமிஸ். ஒவ்வொரு கூட்டமும் முன்பு ஒரே உடலாக இருந்து உடைந்தது என்றார் ஹிராயமா. 'குடும்பம்' என்ற சொல்லையும் அவரே பாவித்தார். இன்று நூற்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் தெரியும். பாதை தெரிந்த சிறுகோள்களோ 10 இலட்சத்துக்கும் மேல்.

ஆனால் ஒரே தெருவில் இருப்பதால் மட்டும் ஒருவர் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். வாடகைக்கு வந்தவரும் இருப்பார். சிறுகோள் குடும்பத்திலும் அப்படி வந்து கலந்தவை உண்டு. அதற்கு இரண்டாவது சாட்சி வேண்டும். அது நிறம். கல்லில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியைப் பிரித்துப் பார்த்தால் அதில் என்ன கனிமங்கள் இருக்கின்றன என்று ஓரளவு தெரியும்.

இதற்கு மிக நல்ல உதாரணம் வெஸ்டா. 525 கிலோமீற்றர் அகலம். அதன் மேற்பரப்பு எரிமலைப் பாறை. 1993 இல் இரண்டு ஆய்வாளர்கள் வெஸ்டாவின் அக்கம்பக்கத்தில் அதே நிறமுள்ள சின்னச் சிறுகோள்கள் பல இருப்பதைக் காட்டினார்கள். 2011 இல் டோன் விண்கலம் வெஸ்டாவுக்கே போய்ப் பார்த்தது. தென் துருவத்தில் ஏறக்குறைய 500 கிலோமீற்றர் அகலத்தில் ஒரு பள்ளம். தாய் உடலில் தழும்பு, பக்கத்தில் பிள்ளைகள், பூமியில் விழுந்த சில விண்கற்களிலும் அதே பாறை. மூன்று சாட்சியும் ஒன்றையே சொன்னால் எந்த நீதவானும் தீர்ப்பு எழுதுவார்.

மூன்றாவது கேள்வி வயது. 2002 இல் நெஸ்வோர்னி என்ற செக் நாட்டு ஆய்வாளரும் கூட்டாளிகளும் ஒரு சின்னக் குடும்பத்தை எடுத்து, அதன் உறுப்பினர்களின் பாதைகளைக் கணினியில் பின்னோக்கி ஓட்டினார்கள். 58 இலட்சம் வருடங்களுக்கு முன் எல்லாப் பாதைகளும் ஒரே திசையில் வந்து சேர்ந்தன. காரின் குடும்பம் பிறந்த காலம் அது. அதுவும் எங்கே? ஹிராயமா கண்ட கொரோனிஸ் குடும்பத்துக்குள்ளேயே. மகன் வீட்டில் மறுபடி பாகப்பிரிவினை நடந்திருக்கிறது.

பழைய குடும்பங்களில் இப்படிப் பின்னோக்கி ஓட்ட முடியாது. பாதைகள் கலங்கிவிடும். அங்கே வேறொரு கடிகாரம் உதவுகிறது. அது சூடு. மத்தியானம் முழுக்க வெயில் வாங்கிய நம் வீட்டுச் சுவரில் இஷாவுக்குப் பிறகு கை வைத்துப் பாருங்கள், இன்னும் சூடு விட்டுக்கொண்டிருக்கும். சிறுகோளும் அப்படித்தான். அதன் பிற்பகல் பக்கம் அதிக சூட்டை வெளியே விடுகிறது. விடும் சூடு மிக மெல்லிய ஒரு தள்ளலைத் தருகிறது. சிறுகோள் தன்னைத் தானே சுற்றும் திசையைப் பொறுத்து அது சூரியனை விட்டு விலகும், அல்லது சூரியனை நோக்கி நகரும். சின்னக் கல் வேகமாக நகரும், பெரியது மெதுவாக. ஆகவே காலம் போகப் போகக் குடும்பம் விரிந்துகொண்டே போகும். எவ்வளவு விரிந்திருக்கிறது என்று அளந்தால் வயது தெரியும்.

இந்தத் தள்ளலைச் சொன்னவர் யார்கோவ்ஸ்கி என்ற பொறியியலாளர். 1900 ஐ ஒட்டிய வருடங்களில் ரஷ்ய மொழியில் ஒரு சிறு பிரசுரமாக எழுதினார். யாரும் கவனிக்கவில்லை, பிரதியும் காணாமல் போனது. எஸ்தோனியரான ஓப்பிக் இளவயதில் அதை வாசித்திருந்தார். பல பத்து வருடம் கழித்து, 1951 இல், ஞாபகத்திலிருந்து அதை எழுதினார். அவர் மறந்திருந்தால் அந்தப் பெயரே இன்று இருந்திருக்காது. 2003 இல் கொலெவ்கா என்ற அரைக் கிலோமீற்றர் கல் ஒன்றை ரேடாரால் அளந்து, 12 வருடத்தில் இந்தத் தள்ளல் அதை 15 கிலோமீற்றர் நகர்த்தியிருப்பதை உறுதிப்படுத்தினார்கள்.

அதே சூரிய ஒளி இன்னொரு வேலையும் செய்கிறது. ஒழுங்கற்ற வடிவமுள்ள சின்னச் சிறுகோளை மெல்ல மெல்லச் சுழற்றி வேகமாக்குகிறது. பல சிறுகோள்கள் ஒரே பாறை அல்ல, ஈர்ப்பால் மட்டும் ஒட்டியிருக்கும் கற்குவியல். ஒரு சுழற்சிக்கு இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்று மேல் என்ற எல்லையைத் தொட்டால் குவியல் தாங்காது, ஒரு பங்கு பிரிந்துவிடும். பிரிந்த பங்கு சில வேளை சந்திரன் மாதிரித் தாயைச் சுற்றிக்கொண்டிருக்கும். சில வேளை முழுதாகவே விட்டுப் போய், ஏறக்குறைய அதே பாதையில் தனியாகச் சூரியனைச் சுற்றும்.

இவற்றைத்தான் சிறுகோள் சோடிகள் என்கிறார்கள். 2008 இல் வோக்ரூலிக்கியும் நெஸ்வோர்னியும் இப்படிப்பட்ட சோடிகள் பல இருப்பதைக் காட்டினார்கள். 2010 இல் பிராவெக்கும் கூட்டாளிகளும் சோடிகளின் சுழற்சியை அளந்தார்கள். சின்னது பெரியதின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருந்தால்தான் தனியாகப் போக முடிகிறது. காரணம் எளிது. பிரிந்து போகத் தேவையான சக்தியைப் பெரியதின் சுழற்சியிலிருந்துதான் எடுக்க வேண்டும். பங்கு பெரிதாகப் பெரிதாக, தாய் மெதுவாகச் சுழலும் நிலைக்கு வந்துவிடும். அளந்த சோடிகளில் அதுவே தெரிந்தது. மோதல் இல்லை, யாரும் வந்து இடிக்கவில்லை. வெயில் பட்டுப் பட்டே ஒரு வீடு இரண்டானது.

6070 ரெயின்லாண்ட் என்ற சிறுகோளும் அதன் சோடியும் பிரிந்து ஏறக்குறைய 17,000 வருடம்தான் ஆகிறது. அப்போது கடல் மட்டம் தாழ்ந்திருந்தது. இந்தத் தீவும் இந்தியாவும் தரையால் இணைந்திருந்தன. அவ்வளவு பக்கத்துக் காலம்.

இப்போது சென்னையின் சில்வியாவுக்கு வருவோம். போக்சன் கண்டபோது அது ஒரு புள்ளி. 2001 இல் ஹவாய்த் தீவின் கெக் தொலைநோக்கியில் அதற்கு ஒரு சந்திரன் இருப்பது தெரிந்தது. 2005 இல் இரண்டாவது சந்திரன் அறிவிக்கப்பட்டது. இரண்டு சந்திரன்கள் உள்ள சிறுகோள் என்று உலகம் அறிந்த முதல் சிறுகோள் அதுதான். ரோமானியக் கதையில் ரியா சில்வியா என்ற தாய்க்கு இரட்டைப் பிள்ளைகள். ஆகவே சந்திரன்களுக்கு ரோமுலஸ், ரெமுஸ் என்று அந்தப் பிள்ளைகளின் பெயரையே வைத்தார்கள். அவை சுற்றும் வேகத்தை வைத்து சில்வியாவின் அடர்த்தியைக் கணக்கிட்டபோது அது தண்ணீரை விடக் கொஞ்சம்தான் கூட. உள்ளே வெற்றிடம் நிறைந்த குவியல். 2010 இல் அதைச் சுற்றி ஒரு குடும்பமே இருப்பதை வோக்ரூலிக்கியும் நெஸ்வோர்னியும் வேறு இருவரும் காட்டினார்கள். ஒரு பெரிய மோதலில் பறந்த துண்டுகளில் சில சந்திரன்களாகத் தங்கின, சில குடும்பமாகப் பரவின என்பதே விளக்கம். நுங்கம்பாக்கத்தில் ஒருவர் ஓர் இரவில் குறித்து வைத்த புள்ளிக்கு 144 வருடம் கழித்துக் குடும்ப மரம் வரைந்தார்கள்.

தமிழ்நாட்டின் பங்கு போக்சனோடு முடியவில்லை. 1988 பெப்ரவரியில், நம்மில் பலருக்குப் பெயர் தெரிந்த வாணியம்பாடிக்கு அப்பால், ஜவ்வாது மலையின் காவலூர் ஆய்வுக்கூடத்தில் ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். இந்திய மண்ணிலிருந்து நூறு வருடத்துக்குப் பிறகு கிடைத்தது. கணித மேதையின் நினைவாக அதற்கு ராமானுஜன் என்று பெயர்.

சரி, முல்லைத்தீவுக் கல்?

பூமியில் விழும் கற்களில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் எல் வகை. இந்த வகைக் கற்கள் பலவற்றில் ஏறக்குறைய 47 கோடி வருடங்களுக்கு முன் நடந்த ஒரு பெரும் அதிர்ச்சியின் அடையாளம் இருக்கிறது. சுவீடன் நாட்டில் அதே காலத்துச் சுண்ணாம்புக் கற்படைகளுக்குள் நூற்றுக்கு மேற்பட்ட புதைந்த விண்கற்களை எடுத்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்று தவிர மற்றவை எல்லாம் இதே இனம் என்று சொல்லும் அளவுக்கு எல் வகைதான் நிறைந்திருக்கிறது. ஒரு தாய் உடைந்து, அதன் பிள்ளைகள் பூமியில் மழையாகப் பொழிந்திருக்கின்றன.

அந்தத் தாய் எது? கெஃபியோன் குடும்பம் என்று ஒரு காலம் சொன்னார்கள். 2024 இல் வந்த ஆய்வு மசாலியா குடும்பத்தைக் காட்டுகிறது. 1852 இல் இத்தாலியின் நேப்பிள்ஸில் கண்டுபிடிக்கப்பட்ட சிறுகோள் அது. பாதை, நிறம், வயது மூன்றும் பொருந்துகின்றன என்பது அந்த ஆய்வின் வாதம். மேல்முறையீடு வரலாம். ஆனால் இன்றைக்கு வலுவான சாட்சி அந்தப் பக்கம்தான்.

ஆகவே கதை இப்படி இருந்திருக்கலாம். ஒரு தாய் உடைந்தது. பிள்ளை ஒன்று வெயிலின் தள்ளலால் கோடிக்கணக்கான வருடம் மெல்ல நகர்ந்தது. கேர்க்வூட் கண்ட வெற்றிட வாசல் ஒன்றை அடைந்தது. வியாழன் அதன் பாதையை இழுத்து நீட்டியது. பூமியின் பாதைக்குக் குறுக்கே வந்தது. 1795 இல் முல்லைத்தீவில் விழுந்தது.

இதில் நமக்கு என்ன இருக்கிறது? இந்த வழக்கில் ஒவ்வொரு திருப்பமும் யாரோ எழுதி வைத்ததால் வந்தது. பியாஸியின் பட்டியல், போக்சனின் குறிப்பு, ஓப்பிக்கின் ஞாபகம். எழுதியவர்களில் பெரும்பாலானோர் அதன் பயனைக் காணாமலே போனார்கள்.

நம் ஊரின் ஆங்கிலப் பெயரில் 1656 இல் கொழும்பு முற்றுகையில் இறந்த ஒல்லாந்தத் தளபதி ஹல்ஃப்டின் பெயர் இன்னும் இருக்கிறது. நம் மூத்தவர்களின் பெயர்கள் எத்தனை பேருக்குத் தெரியும்? புதுக்கடையில் பிறந்த குடும்பங்கள் இன்று தெமட்டகொடை, தெஹிவளை, மாபோலை, கடல் கடந்த நாடுகள் என்று பரவிவிட்டன. பழைய வீடுகள் இடிந்து மாடிகள் எழும்புகின்றன. இன்னும் இரண்டு தலைமுறையில் ஒரே மூத்தப்பாவின் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் தெரியாமல் கடந்து போவார்கள்.

இந்த வாரம் உங்கள் வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் போய் உட்காருங்கள். அவர் வாப்பாவின் பெயர், உம்மாவின் பெயர், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்த வருடம், எந்தத் தோட்டத்தில் இருந்தார்கள் என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். திகதி போடுங்கள். பிள்ளையின் கையால் எழுத விடுங்கள்.

அப்படியே அந்தப் பிள்ளையிடம் முல்லைத்தீவுக் கல்லின் கதையையும் சொல்லுங்கள்.

வஸ்ஸலாம்.